பழைய பேப்பர் விலைக்கு ஒரு சூப்பர்மேன்

பி.காம். படித்தவனுக்கு எது மறந்தாலும் ஒரு பாடம் மறக்காது. தேய்மானம்! நாற்காலி, பீரோ, டைப்ரைட்டர் எதுவானாலும் வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வரவேண்டும். கடைசியில் ஒரு ரூபாய் என்று போட்டு கணக்கை மூடிவிடலாம். இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரு சாமான் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கிறது. பழைய தமிழ் காமிக்ஸ்! ஒன்றிரண்டு ரூபாய்க்கு வந்த புஸ்தகம். அட்டை கிழியக் கிழிய, ஓரம் பழுக்கப் பழுக்க விலை ஏறுகிறது. இதை எந்த ஆடிட்டரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் ராயகிரிக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. ராஜபாளையம் போய் பஸ் மாறினால் சிவகாசி. உலகத்துக்கு அது பட்டாசு ஊர், காலண்டர் ஊர். எங்களுக்கு அது இரும்புக்கை மாயாவி தமிழ் கற்றுக்கொண்ட ஊர். 1972-ல் சௌந்திரபாண்டியன் அங்கேதான் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆசிரியர் முல்லை தங்கராசன். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே மாதம் ராணி காமிக்ஸும் வந்து இறங்கியது. அன்றைய பையன்களின் ட்ரவுசர் பாக்கெட் என்ன பாடுபட்டிருக்கும் பாருங்கள்!

அப்போது நான் பிறக்கவே இல்லை. என் காலத்தில் இவை எல்லாம் சித்தப்பா டிரங்குப் பெட்டியிலும், சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் சாக்கு விரித்த கடையிலும்தான் கிடைத்தன. அட்டை இருந்தால் ஒரு விலை. அட்டை இல்லாவிட்டால் பாதி விலை. கடைசிப் பக்கமும் இல்லாவிட்டால், "சும்மா எடுத்துட்டுப் போங்க தம்பி, கொலையாளி யாருன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க" என்பார் கடைக்காரர்.

அந்தக் கட்டிலிருந்து இந்த வாரம் மூன்று பேரை எடுத்துத் தூசி தட்டுவோம்.

முதலில் ராணி காமிக்ஸ் மாயாவி. காட்டில் குதிரை, ஓநாய், முகமூடி, மண்டை ஓட்டு மோதிரம். மற்ற இடங்களில் இவரை வேதாளர் என்பார்கள். முத்துவிலோ மாயாவி என்றால் இரும்புக்கை. இதனால் திண்ணைகளில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமா? "மாயாவி புக்கு வச்சிருக்கேம்ல" என்று ஒருவன் பெருமையடிப்பான். "எந்த மாயாவில? கையா, குதிரையா?" என்று விசாரணை வைத்த பிறகுதான் பண்டமாற்று. இவர் 1936-ல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் பிறந்தவர். படைத்தவர் லீ ஃபால்க். இன்றைக்குப் படித்தாலும் அலுக்காது. ஒரு குத்து விட்டால் வில்லன் தாடையில் மண்டை ஓட்டு முத்திரை! ஆதார் வருவதற்கு முன்பே அடையாளம் பதித்த மனுஷன்.

அடுத்தவர் ஒரிஜினல் இரும்புக்கை. பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் லூயிஸ் கிராண்டேல். வலது கைக்குப் பதில் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். சட்டை, பேண்ட்கூட மறையும். கை மட்டும் மறையாது. ஏன் என்று கேட்டால் நீங்கள் காமிக்ஸ் படிக்க லாயக்கில்லை! ஆரம்பத்தில் கொள்ளைக்காரராக இருந்து, பிறகு திருந்தி நிழற்படையில் சேர்கிறார். பிளக்கில் விரலை விட்டால்தான் இவருக்கு வேலையே ஓடும். 2012-ல் எங்கள் பக்கம் இருந்த பவர்கட்டுக்கு மாயாவி வந்திருந்தால், ஜெனரேட்டர் வைத்திருக்கும் கல்யாண மண்டபத்தைத் தேடித்தான் ஓடியிருப்பார். கதை சுமார் என்று சிலர் சொல்லலாம். அந்தப் படங்களைப் பாருங்கள் சார்! இருட்டில் ஒற்றைக் கை மட்டும் கதவைத் திறக்கும். அந்தக் கறுப்பு மையிலேயே பயம் இருக்கும்.

மூன்றாவது ஆள் ஸ்பைடர். ரசிகர்கள் செல்லமாக வைத்த பெயர் கூர்மண்டையன். வலைத் துப்பாக்கி, கேஸ் துப்பாக்கி, கூடமாட பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு கூட்டாளிகள். லட்சியம், குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது. பக்கத்துக்குப் பக்கம் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வார். நம் ஆபீஸ் மேனேஜர்கள் எல்லாம் இவரிடம் டியூஷன் எடுத்த மாதிரி இருக்கும். பின்னாளில் பெரிய வில்லன்களை அடக்கும் நல்லவராகிவிடுகிறார். லாஜிக் பூஜ்யம். வேகம் நூற்றுக்கு நூறு.

சரி, இந்த மூன்று பேரில் யாரை உருவாக்கியவர் பெயர் உங்களுக்குத் தெரியும்? அமெரிக்கச் செய்தித்தாள் படக்கதைகளில் படைத்தவர் பெயர் இருந்தது. அதனால் லீ ஃபால்க் தப்பித்தார். லண்டன் வாரப் பத்திரிகைகளில் அந்தப் பழக்கமே கிடையாது. எழுதினாயா, வரைந்தாயா, காசை வாங்கிக்கொண்டு கிளம்பு! 1962-ல் வேலியண்ட் பத்திரிகையில் இரும்புக்கைக் கதையை முதலில் எழுதியவர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி. அந்த இருட்டுக் கையை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பைடருக்குப் படம் ரெக் பன். தொடங்கி எழுதியவர் டெட் கோவன்.

கோவனுக்குப் பிறகு ஸ்பைடரை எழுத வந்தவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். ஓவியர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்!

1938-ல் அந்த இரண்டு பையன்களும் சூப்பர்மேன் உரிமையை விற்ற விலை 130 டாலர். ஆளுக்கு 65. அந்த சூப்பர்மேன் சினிமாவில் பறந்தார், பொம்மையாகப் பறந்தார், பனியனில் பறந்தார். படைத்தவர்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 1960-களின் நடுவில் சீகல் லண்டன் பத்திரிகைக்குப் பெயரில்லாமல் கூர்மண்டையன் கதை எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்திரிகையின் பெயரும் லயன்தான்! 1975 கடைசியில், பத்திரிகைகளெல்லாம் நியாயம் கேட்ட பிறகு, வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலரும், 'படைத்தவர்கள்' என்று பெயரும் கிடைத்தது. சூப்பர்மேன் முதலில் வந்த 1938-ம் வருஷத்து இதழின் ஒரே ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படைப்புக்கு 130, பேப்பருக்கு 60 லட்சம். தேய்மானம் யாருக்கு வந்தது என்று இப்போது புரிகிறதா?

ஆக, சூப்பர்மேனைக் கண்டுபிடித்தவர் எழுதிய கதையை, ராயகிரியில் டிரங்குப் பெட்டி ஓரமாகக் குத்தவைத்து நாங்கள் படித்திருக்கிறோம். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2018-ல் அந்தப் பழைய லண்டன் கதைகளின் உரிமையை வாங்கி, மறுபடி புஸ்தகமாகப் போடுகிறது. அட்டையிலேயே படைத்தவர் பெயர்! இங்கேயும் ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனாலும், லயனும் முத்துவும் 2012-ல் புதுத் தெம்போடு எழுந்து வந்தன. இப்போது வரும் ஐரோப்பியக் கதைகளில் எழுத்தாளர், ஓவியர் பெயரெல்லாம் பார்க்க முடிகிறது.

நம் ரசிகர்கள்தான் இன்னும் கொஞ்சம் மாறவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளர், ஒவ்வொரு இதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். "படிச்சாச்சா அண்ணாச்சி?" என்றால், "படிச்சா மடிப்பு விழுந்திரும்லா!" என்கிறார். எண்ணிக்கை, வருஷம், விலை மூன்றும் நுனி நாக்கில். ஓவியர் யார் என்றால் மேலே பார்க்கிறார். பேங்க் லாக்கருக்கும் வாசகனுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா?

நான் ஒரு வேலை செய்கிறேன். பழைய இதழ் எது கைக்கு வந்தாலும், நிச்சயமாகத் தெரிந்தால், முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறேன். 'கதை: ஜெர்ரி சீகல். படம்: ரெக் பன்.' அரை நிமிஷ வேலை. அறுபது வருஷமாக வரவில் வராத ஐட்டத்தை வரவு வைத்த திருப்தி.

போன வாரம் நம் பிளாஸ்டிக் உறை அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது.

"என்னவே இப்படிக் கிறுக்கி வச்சிருக்கீரு? புக்கு மதிப்பே போச்சே!"