எல்லைப்புற ஊர்களில் இரவு வானம் பார்க்க இடம் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
வான்நோக்கு ஆர்வலர் சங்கம்,
சித்தூர், தேவிகுளம் தாலுகாக்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், பாலக்காடு.
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், இடுக்கி.

பொருள்: இரவு வானம் பார்க்க இடம் ஒதுக்குதல், தெருவிளக்குகளைச் சீர்செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கேரளத்தில் வானம் பார்ப்பவர்களுக்கு முதல் எதிரி மேகம். மழை மறைவில் இருப்பதால் மறையூர், காந்தளூர் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெளிந்த இரவுகள் நிறைய வாய்க்கின்றன. டெல்லியில் அடிவானத்தை விட்டு முழுதாக எழும்பாத தென்சிலுவை இங்கே ஏறத்தாழ 20 பாகை உயரத்துக்கு வருகிறது. ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து அதற்கும் மேலே நிற்கும்.

வானம் இருக்கிறது, நின்று பார்க்கத்தான் இடமில்லை. பறம்பிக்குளத்தில் இருட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகத்தான் அங்கே சாலை. புலிகள் காப்பகத்தில் இரவில் விருப்பம்போல் உலவ முடியாது, உலவவும் கூடாது. யானைத் தடத்தில் தொலைநோக்கியை விரித்து நிற்க எங்களுக்கும் ஆசையில்லை. எனவே வனத்துக்குள் ஓரடி நிலமும் நாங்கள் கேட்கவில்லை.

மிஞ்சுவது சாலையோரம். மறையூர் சந்தனக் காட்டோரம் நள்ளிரவில் நீளக் குழாயுடன் நிற்பவரை ரோந்துக்காரர் விசாரிப்பது நியாயமே. விசாரணை முடிவதற்குள் மேகம் கூடிவிடும் என்பதுதான் எங்கள் குறை.

ஆகவே மறையூர், காந்தளூர், வட்டவடை, முதலமடை, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில், வன எல்லைக்கு வெளியே, புறம்போக்கு நிலமோ பள்ளி மைதானமோ ஒவ்வோர் இடம் குறித்துத் தர வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தொலைவும் கழிப்பறையும் அவசியம்; பெண்களும் பிள்ளைகளும் வர வேண்டுமே. முதலமடையில் தெற்கு அடிவானத்தை மலை மறைக்கும். எருத்தேம்பதியில் கோவை, பொள்ளாச்சி வெளிச்சம் உண்டு. இருந்தும் அவற்றைக் கேட்கக் காரணம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாழனின் நிலவுகளைக் காட்டிவிட்டு இரவு ஒன்பதுக்குள் வீட்டில் விட்டுவிடலாம் என்பதே. கும்மிருட்டு வேண்டுவோர் காந்தளூர் ஏறட்டும்.

அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் தரும் ஒரே விண்ணப்பம் போதும் என்றாக்கி, அதன் நகல் காவல்துறைக்கும் வனத்துறைக்கும் அங்கிருந்தே செல்ல ஏற்பாடு வேண்டும்.

விளக்குகளை அணைக்கச் சொல்லவில்லை. காட்டு யானை தெருவுக்கு வரும் ஊர்களில் அப்படிக் கேட்பது அநியாயம். தெருவிளக்கும் ஹைமாஸ்ட் விளக்கும் மேலும் பக்கவாட்டிலும் சிதறாமல், மூடி பொருத்தித் தரையை நோக்கி எரிந்தால் போதும். புதிதாகப் போடுபவை 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளியாக இருக்கட்டும்.

இது நடக்காத காரியமல்ல. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தைச் சுற்றிய கிராமங்களில் தெருவிளக்குகள் இப்படித்தான் மாற்றப்பட்டன. 2024 ஜனவரியில் அது இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவானது. 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேயில், தொலைநோக்கியும் பயிற்சியும் பெற்ற ஊர்க்காரர்களே பயணிகளுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். 2023இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கம் பெற்ற காந்தளூரின் இளைஞர்களுக்கும் மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் கவுன்சில் அத்தகைய பயிற்சி தரலாம்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சமடையும். அதற்குள் காந்தளூர், முதலமடை இரண்டிலாவது இடம் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கிராம அலுவலர் இடம் பார்க்க வரும் நாளில் எங்கள் உறுப்பினர்கள் உடன் வரத் தயார்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்