மூளையின் படமும் மனத்தின் நோயும்

திருவண்ணாமலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அவ்வூர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே எம்.பி.பி.எஸ். முடித்தவர். மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்து, பின்னர் மூளைப் படங்களைக் கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாராம். "வைத்தியம் படித்த பெண் வைத்தியம் பார்க்காமல் படம் பார்த்துக் கொண்டிருப்பதா? உறவினர் கேட்டால் யாம் என்ன விடை சொல்வது?" என்பது தந்தையின் கவலை.

கவலை நியாயமானதே. ஆயினும் அக்கடிதத்தின் பின்பக்கத்தில் அவர் போகிற போக்கில் எழுதியுள்ள செய்திதான் நம் மனத்தைத் தைத்தது. அவர் தெருவில் ஓர் இளைஞர், இரவெல்லாம் உறங்காமல் தமக்குத் தாமே பேசிக் கொண்டிருந்தாராம். பெற்றோர் நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுத்தனர். மூளையில் குறையேதும் தென்படவில்லை என்று அறிக்கை வந்தது. நோயே இல்லை என்று மகிழ்ந்து, மருத்துவர் தந்திருந்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டனர். இன்று அவ்விளைஞர் கிரிவலப் பாதையில் எங்கோ அலைந்து கொண்டிருக்கிறார். பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் துறவி யார், நோயாளி யார் என்று வழிப்போக்கர் எங்ஙனம் அறிவர்?

அந்த அறிக்கை பொய்யன்று. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியாகவே விடை கூறியது. மூளையில் கட்டி உண்டா, இரத்தக் கசிவு உண்டா, நாடாப்புழுவின் நீர்க்கட்டி உண்டா என்பவையே அக்கேள்விகள். மனச்சிதைவு நோய் ஒருவருக்கு உண்டா இல்லையா என்பதை இன்றளவும் எந்த ஸ்கேனும் உறுதி செய்ய இயலாது. மருத்துவர் நோயாளியோடு அமர்ந்து பேசியும், வீட்டாரை வினவியுமே அதனை அறிகிறார்.

அப்படியாயின் படத்தால் பயன் என்ன? 1971-ஆம் ஆண்டு இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியியலாளர் அமைத்த கருவி முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. ஐந்தாண்டுகளில், 1976-இல், ஈவ் ஜான்ஸ்டன், டிமத்தி குரோ முதலிய மருத்துவர்கள் அதே கருவியால் நெடுநாள் மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்து, மூளையின் நடுவே நீர் நிற்கும் அறைகள் அவர்களுக்குச் சற்றே விரிந்திருக்கக் கண்டனர். தாய் வளர்த்த முறையே இந்நோய்க்குக் காரணம் என்று மேனாட்டு அறிஞர் சிலர் பழி சுமத்தி வந்த காலத்தை அடுத்து வந்த செய்தி அது. எத்தனை தாய்மாரின் கண்ணீர் அதனால் துடைக்கப்பட்டிருக்கும்!

2016-இல் பல நாட்டு மையங்கள் ஒன்றுகூடி 2,028 நோயாளிகளின் மூளைகளை நலமுள்ளோர் 2,540 பேரின் மூளைகளோடு ஒப்பிட்டன. நினைவுக்குத் துணைநிற்கும் பகுதி நோயாளரிடம் சராசரியாகச் சிறுத்திருந்தது. 'சராசரியாக' என்னும் சொல்லை வாசகர் கவனிக்க வேண்டும். ஆண்கள் பொதுவாகப் பெண்களினும் உயரமானவர்கள். ஆனால் ஒருவருடைய உயரம் ஐந்தடி நான்கு அங்குலம் என்பதை மட்டும் கேட்டு, அவர் ஆணா பெண்ணா என்று கூற முடியுமா? மூளைப் படத்தின் நிலையும் இன்று அத்தகையதே. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆராய்ச்சி மருத்துவர்கள் தேவைப்படுகின்றனர்.

நம் தமிழகத்திலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. சாரதா மேனன் அம்மையார் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த தாரா, பத்மாவதி முதலிய மருத்துவர்கள், மருந்தே உட்கொண்டிராத மனச்சிதைவு நோயாளிகளைத் தேடிக் கண்டனர். அவர்களுள் சிலருக்கு வாயும் நாவும் தாமே அசைந்து கொண்டிருந்தன. அவ்வசைவுகள் மருந்தினால் விளையும் கேடு என்றே பலரும் எண்ணியிருந்தனர். மருந்தையே காணாதவருக்கு அவை எவ்வாறு வந்தன? ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் மெக்ரீடியுடன் சேர்ந்து இவர்கள் எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்து ஆராய்ந்தனர். உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியொன்று அத்தகையோரிடம் பெருத்திருந்ததை 2002-இல் வெளியிட்டனர். ஆகவே அசைவுகளுள் ஒரு பங்கு நோயினுடையதே என்பது தெளிவாயிற்று. மருந்து காணாத நோயாளிகள் மேனாடுகளில் கிடைப்பது அரிது, இங்கே கிடைத்தனர். இது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். அவர் மகள் வைத்தியம் பார்ப்பதை விட்டுவிடப் போவதில்லை. மேற்சொன்ன ஆராய்ச்சியில் படக்கருவியின் வேலை இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் நோயாளியின் வாயசைவைக் கண்ணால் கண்டு குறித்தவர்கள் மருத்துவர்களே. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வெங்கடசுப்பிரமணியன் அவர்களும் மனநோய் மருத்துவரே. 2018-இல் பட்நாகர் பரிசு பெற்றவர்.

வழி நீண்டதுதான். எம்.டி. பட்டத்திற்கே மூன்றாண்டுகள் வேண்டும். ஆராய்ச்சிப் பயிற்சிக்கு மேலும் சில ஆண்டுகள். புள்ளியியலும் கணிப்பொறியும் கற்க வேண்டும். பௌதிகம் அறிந்தாரோடு இணங்கிப் பணிசெய்ய வேண்டும். 2008-இல் தொடங்கப்பெற்ற 'இந்தியா அலையன்ஸ்' போன்ற அமைப்புகள் மருத்துவர்களுக்கென்றே ஆராய்ச்சி நிதி வழங்கி வருகின்றன. எனினும் போட்டி கடுமையானது. தனியே மருத்துவமனை நடத்துவோரின் வருவாயை இதில் எதிர்பார்த்தல் ஆகாது. வரன் தேடும்போது இதனை மறைக்காமல் சொல்லிவிடுவதும் நன்று! மகள் இவற்றையெல்லாம் அறிந்தே விரும்புகிறார் என்றால், தந்தை தடுக்க வேண்டிய காரணம் ஏதும் நமக்குத் தோன்றவில்லை.

அந்த இளைஞரைப் பற்றி ஒரு சொல். ஆதரவின்றி அலையும் மனநோயாளியைக் காவல் நிலைய அதிகாரி தம் பாதுகாப்பில் ஏற்று, அரசு மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. பெற்றோர் தயங்காமல் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம். அதற்கு முன்னர் ஆசிரியர் தம் மகளுடன் ஒரு மாலை அவ்வீட்டிற்குச் சென்று வரட்டும். அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் அந்த அறிக்கையை வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்பதை டாக்டர் மகளே அத்தாய்க்கு விளக்கிச் சொல்லட்டும்.