முதல் மூன்று நாளில் கைமாறும் கடப்பிதழ்

இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வந்து 30 நாள் வரை தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பின்னர் அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. பத்துமலையையும் கெந்திங்கையும் பார்க்க வருபவர்களுக்காகத் திறந்த கதவு அது. அதே கதவு வழியாக வேலைக்கும் ஆள்கள் வந்து இறங்குகிறார்கள் என்பதை கம்போங் மேடான், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் பசியாறப் போகும் கடையில் போன வாரம் இல்லாத ஒரு பையன் இன்று மேசை துடைத்துக்கொண்டிருப்பான். எந்த ஊர் என்று கேட்டால் புதுக்கோட்டை என்பான், ராமநாதபுரம் என்பான். என்ன பெர்மிட்டில் வந்தாய் தம்பி என்று கேட்டால், கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான்.

அவனுடைய அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் எப்படிப் போகும் என்பது, பெரும்பாலும் இங்கு வந்த முதல் இரண்டு மூன்று நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நாள்களில் அவனைச் சுற்றி இருப்பவர்கள் தமிழர்கள். கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் காத்திருப்பவர், அறையைக் காட்டுபவர், கடை முதலாளி என எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். அந்நிய நாட்டில் தாய்மொழி காதில் விழுந்த நிம்மதியில், கேட்க வேண்டிய கேள்விகளை அவன் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

முறையாக வரும் தொழிலாளியின் கதை வேறு. அவருக்காக முதலாளி அரசாங்கத்திடம் கோட்டா வாங்கியிருப்பார், ஆண்டு லெவி கட்டியிருப்பார். சேவைத் துறைக்கு அது 1,850 வெள்ளி, தோட்டத்துக்கு 640 வெள்ளி. வேலைக்கான விசா ஊரிலேயே கிடைத்துவிடும். பத்தாம் வகுப்பு தேறாதவராக இருந்தால் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அதோடு விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரும் காப்புறுதியும் வருகிறது. இங்கு இறங்கிய 30 நாளுக்குள் போமேமா மருத்துவச் சோதனை, பிறகு கடப்பிதழில் தற்காலிக வேலை அனுமதி. 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பும் உண்டு.

சுற்றுப்பயணியாக வந்து வேலைக்கு நிற்பவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. இந்தியாவின் பதிவில் அவன் ஊர் சுற்றப் போனவன். மலேசியாவின் பதிவில் ஊர் பார்க்க வந்தவன். ‘முதலில் வா, வந்த பிறகு பெர்மிட் அடித்துக் கொடுப்போம்’ என்பதுதான் ஏஜெண்டுகள் சொல்லும் வாசகம். சுற்றுப்பயணியாக வந்தவர் இங்கிருந்தபடியே தொழிலாளர் பெர்மிட்டுக்கு மாறிக்கொள்ள வழக்கமான வழி கிடையாது. அவ்வப்போது அரசாங்கம் அறிவிக்கும் சிறப்புத் திட்டங்களைக் காட்டித்தான் இந்த வாசகத்துக்கு உயிர் கொடுக்கிறார்கள். 2023இல் ஆவணமற்றோரைப் பதிந்துகொண்ட திட்டம் அந்த ஆண்டோடு பதிவை மூடிவிட்டது. ஏஜெண்டு அதை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் இரவு அறையில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். ‘பெர்மிட் வேலை பார்க்கணும், பாஸ்போர்ட்டைக் கொடு’ என்று கேட்பார்கள். அவன் கொடுத்துவிடுவான். 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி, சட்ட அதிகாரம் இல்லாமல் இன்னொருவரின் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அலுவலக வேலைக்காக வாங்கினால் வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று முதலாளியின் இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நம்மில் பல முதலாளிகள் இதைக் குற்றமென்றே நினைப்பதில்லை. ஆள் ஓடிவிடுவான், கட்டிய காசு போய்விடும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

கங்காணி என்ற சொல் ‘கண்காணி’யிலிருந்து வந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இது முதல் பாடம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பாடமே தேவையில்லை. கங்காணி ஊருக்குப் போய், முன்பணம் கொடுத்து, உறவும் சாதியும் சொல்லி ஆள் திரட்டி வருவார். பினாங்கின் ஜெரெஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ (இன்றைய போர்ட் கிள்ளான்) ஆரோக்கியச் சோதனைக்காக அடைத்து வைத்திருந்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்புவார்கள். லயத்தில் முதல் இரவு கண்ணயர்வதற்குள் கங்காணிக்குக் கடன்காரன் ஆகியிருப்பான் வந்தவன். இந்திய அரசாங்கம் 1938இல் அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்து நிறுத்தியது. தடுத்தது கங்காணியை; அவர் பயன்படுத்திய முறையை அது முழுதாக ஒழிக்கவில்லை. சொந்த ஊர்க்காரர், முன்கடன், கைமாறும் ஆவணம் என்ற மூன்றும் இன்று விமானத்தில் வருகின்றன.

கம்போங் மேடானை இங்கு குறிப்பிடக் காரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் வெளியேறிய குடும்பங்கள் பல, பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறின. அவர்கள் வந்தது உள்நாட்டு இடமாற்றம்தான், ஆனால் நகரம் அவர்களுக்கும் வெளிநாடாகத்தான் இருந்தது. நெருக்கடியும் வறுமையும் அண்டை வீட்டாரை அறியாத வாழ்க்கையும் சேர்ந்த அந்த வட்டாரத்தில் 2001 மார்ச்சில் மூண்ட கலவரத்தில் ஆறு பேர் மாண்டனர். பின்னர் பலகை வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்தன. அன்று வந்தவர்களின் பிள்ளைகள் பலர் வேறு தாமான்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளில்தான் இன்று ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பாய் விரிக்கிறார்கள். தொழிலாளர் தங்குமிடத்துக்கான 446ஆம் சட்டம் 2020 ஜூன் முதல் தோட்டங்களுக்கு வெளியேயும் நீள்கிறது. தங்குமிடத்துக்கு ஆள்பலத் துறையின் சான்றிதழ் வேண்டும். பெர்மிட் இல்லாதவனுக்காக யார் போய்ச் சான்றிதழ் கேட்பார்கள்?

வந்தவன் குழம்புவதற்கு நம் தமிழும் கொஞ்சம் காரணம். ‘பசியாறியாச்சா?’ என்று நாம் காலை உணவைக் கேட்கிறோம். அவனுக்கு அது ஏதோ பழைய இலக்கிய வழக்காகக் கேட்கிறது. ‘என்ன தண்ணி?’ என்றால் குடிதண்ணீர் கொண்டு வருவான், நாம் தே தாரிக் எதிர்பார்த்திருப்போம். இவை சிரித்து மறக்கக்கூடியவை. ‘ஆயிரத்து எழுநூறு வெள்ளி காஜி, லெவியும் அறை வாடகையும் பிடித்துக்கொள்வோம்’ என்ற வாக்கியத்தில் வெள்ளி, காஜி, லெவி மூன்றும் அவனுக்குப் புதுச் சொற்கள். தலையாட்டிவிடுவான். 1,700 வெள்ளி என்பது 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். அது அந்நியத் தொழிலாளிக்கும் உரியது. லெவி முதலாளி கட்ட வேண்டியது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாதது. வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. மூன்றையும் முதல் நாளே யாராவது புரியும் தமிழில் சொல்லியிருந்தால் அவன் தலையாட்டுவதற்கு முன் யோசித்திருப்பான்.

முதலாளிகள் தரப்பிலும் உண்மை இருக்கிறது. முடி திருத்தும் நிலையம், ஜவுளிக் கடை, நகைத் தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கு அந்நியத் தொழிலாளர் வருகை பல ஆண்டு முடக்கப்பட்டிருந்தது. வ. சிவகுமார் மனிதவள அமைச்சராக இருந்த 2023இல் 7,500 பேருக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கும் கடைக்கு ஆள் வந்து சேர்வதற்கும் இடையில் உள்ள தூரம் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நேர்வழி அடைபட்டால் குறுக்குவழிக்குக் கூட்டம் சேரும். ஆனாலும் குறுக்குவழியின் விலையை இரண்டு தரப்பும் சமமாகக் கொடுப்பதில்லை. ஆவணமற்றவரை வேலைக்கு வைப்பவருக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. சோதனை நடவடிக்கைப் படங்களில் கைவிலங்கோடு தரையில் குந்தியிருப்பவர்கள் யார் என்பதை நாம் பார்க்கிறோம்.

முறையாக வந்தவர்களுக்கே என்ன நேரும் என்பதற்கு பெங்கெராங் சாட்சி. 2023 டிசம்பரில் அங்கு 171 வங்காளதேசத் தொழிலாளர்கள், வாக்களித்த வேலை கிடைக்கவில்லை என்று புகார் செய்யக் காவல் நிலையத்துக்கு நடந்து போனார்கள். வழியிலேயே கைதானார்கள்.

ஆகவே வருகிறவர்களுக்கு நம் வட்டாரத்தில் சொல்லக்கூடியவை மிகச் சாதாரணமானவை. விமானம் ஏறுமுன் கடப்பிதழ், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பட்டும். வருகைக்கான மின்னியல் அட்டை இலவசம். அதற்கு ஏஜெண்டு காசு கேட்டால் மற்றதையும் சந்தேகிக்கலாம். சிம் கார்டு அவன் பெயரிலேயே இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டாலும் தங்கும் இடத்தின் விலாசத்தை மனப்பாடம் செய்யட்டும். கம்போங் மேடான் பக்கம் இருப்பவனுக்கு கம்போங் டத்தோ ஹாருன் கொம்யூட்டர் நிலையத்தைக் காட்டிவிட்டால் போதும், ஒரே ரயிலில் ஒரு பக்கம் பிரிக்பீல்ட்ஸ், மறுபக்கம் கிள்ளான். மோன் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மட்டும் ரயில் இல்லை. உதவி அதிகம் தேவைப்படுபவர்களுக்குப் போய்ச் சேரச் சிரமமான இடம் அது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தெனாகானித்தா, ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய அமைப்பு, தொழிலாளர் புகார்களை இன்றும் கேட்கிறது.

30 நாள் தாண்டிவிட்டவர்களுக்காக 2024 மார்ச் 1ஆம் தேதி அரசாங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. 500 வெள்ளி அபராதம் கட்டினால் வழக்கில்லாமல் ஊர் திரும்ப முடிந்தது. அதற்கும் கையில் பயண ஆவணம் இருக்க வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு கொடுத்த கடப்பிதழ் கிடைக்காதவர்கள், தூதரகத்தில் அவசரச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, விமானச் சீட்டுக்குக் காசு தேடி அதே அறைக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது.