மங்கள்யானுக்கு ஒரு கூடம் வேண்டும்

2014 செப்டம்பர் 24 காலை. செவ்வாயை நெருங்கிய இந்திய விண்கலம் மங்கள்யான், ஏறத்தாழ 300 நாள் ஓய்ந்திருந்த தன் முதன்மை எஞ்சினைத் தானே இயக்கியது. பூமியிலிருந்து கட்டளை போய்ச் சேர 12 நிமிடங்களுக்கு மேலாகும். எனவே ஆணைகள் அனைத்தும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தன. சுமார் 24 நிமிடம் எஞ்சின் எரிந்து, வேகம் தணிந்தது. முதல் முயற்சியிலேயே இந்தியா செவ்வாயை எட்டியது.

2013 நவம்பர் 5 அன்று மங்கள்யானைச் சுமந்து சென்ற பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கு, கலத்தை நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு கிடையாது. அதனால் கலம் பூமியைச் சுற்றிச் சுற்றியே பாதையை உயர்த்திக்கொண்டு கிளம்பியது. சுமார் 450 கோடி ரூபாயில் முடிந்த இந்தப் பணியை வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை, சுப்பையா அருணன் இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு மாதத்துக்கெனத் திட்டமிட்ட கலம், ஏழு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

இந்தச் சாதனையை நம் பிள்ளைகள் நேரில் கற்க வேண்டாமா?

அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தச்சரின் நுட்பத்தை மாணவர்கள் அருகிருந்து பார்த்து அறிகிறார்கள். அதேபோல், தட்சிணசித்ரா இருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, மங்கள்யானின் முழு அளவு மாதிரியோடு கோள் பயணக் கூடம் ஒன்றை அரசு அமைக்க வேண்டும்.

எஞ்சினை எப்போது இயக்குவது, எவ்வளவு எரிபொருளை மிச்சம் வைப்பது என்று மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் இடமாக அது இருக்க வேண்டும். மங்கள்யான் எடுத்த படங்களைத் தமிழ் விளக்கத்தோடு அங்கே வைக்கலாம். பள்ளிக் கல்வித் துறை இஸ்ரோவுடன் இப்போதே பேச்சைத் தொடங்கட்டும்.