தொப்பியைப் பார்த்து சலாம் போட்ட ஊர்

கல்ச்சுரல்ஸ்ல போட்டோ பூத் வச்சா ரெண்டு பொருள் கண்டிப்பா இருக்கும்: குச்சியில ஒட்டின மீசை, ஒரு கறுப்பு ஃபெல்ட் தொப்பி. அதைத் தலையில வச்சதும் நம்ம பசங்களுக்கு 'டான்' முகம் வந்துடும். பழைய படம் பார்த்தவங்களுக்கு அதே தொப்பி சிஐடி. பைக்ல பகத்சிங் ஸ்டிக்கர் ஒட்டினவனுக்கு அதே தொப்பி புரட்சி.

ஃபெல்ட் நெய்த துணி இல்லை. கம்பளியையோ முயல் ரோமத்தையோ ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தினா இழைகள் ஒண்ணோடொண்ணு சிக்கிக்கிட்டு இறுகிடும். அதுல செய்த, உச்சியில மடிப்பு விழுந்த தொப்பிதான் ஃபெடோரா. பேர் வந்தது ஒரு பெண்கிட்ட இருந்து. 1882-ல் பாரிஸ்ல அரங்கேறிய 'ஃபெடோரா' நாடகத்தில் அந்தப் பெயருள்ள இளவரசியா நடிச்சவர் சாரா பெர்னார். முதல்ல அந்தத் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டவங்க பெண்கள். பெண்ணுரிமை கேட்டவங்களும் அதை அணிஞ்சாங்க. ஆம்பளைங்க கெத்து எல்லாம் அப்புறம் வந்ததுதான்.

இப்போ பகத்சிங்குக்கு வருவோம். 1928 டிசம்பர்ல லாகூர்ல போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் கொல்லப்பட்ட பிறகு ஊர் முழுக்கத் தேடுதல். முடியையும் தாடியையும் எடுத்துட்டு, கோட்டும் ஃபெல்ட் தொப்பியும் போட்டு பகத்சிங் ரயில் ஏறினார். மனைவி மாதிரி துர்கா தேவி கூட வந்தார், கையில அவரோட குழந்தை. ராஜகுரு வேலைக்காரர் வேஷத்துல. துரை மாதிரி இருக்கிற ஒரு குடும்பத்தை நிறுத்திக் கேள்வி கேட்க யாருக்கும் தோணலை. 1929 ஏப்ரல்ல டெல்லி காஷ்மீரி கேட் ஸ்டுடியோவில் எடுத்த தொப்பிப் படம்தான் இன்னிக்கு நம்ம ஸ்டிக்கர். அப்போ அவருக்கு வயசு 21. நம்ம ஃபைனல் இயர் வயசு.

அவரைக் காப்பாத்தினது தொப்பி இல்லை. தொப்பி போட்டவன் பெரிய மனுஷன்னு நம்பின கண்ணுதான். வெள்ளைக்காரன் ஆட்சிக்கே அவனோட தொப்பியை வச்சு குல்லா போட்டார்!

அதே கண்ணு நம்ம பக்கத்துலயும் இருந்துச்சு. விழுப்புரத்துல இருந்தும் திண்டிவனத்துல இருந்தும் 40 கிலோமீட்டர் அளவுல இருக்கிற புதுச்சேரியில, 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளைங்கிற வக்கீல் ஐரோப்பிய ஷூ போட்டு கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி வெளியே அனுப்பிட்டார். இந்தியன் கால்ல அந்த ஷூ இருக்கக் கூடாதாம். அவர் பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டு போய் ஜெயிச்சார். ஒருத்தர் உடுப்பால தப்பிச்சார், இன்னொருத்தர் உடுப்பால வெளியேற்றப்பட்டார். ரெண்டு இடத்துலயும் ஆளை யாரும் பார்க்கவே இல்லை.

நாம பார்க்கிறோமா? பிளேஸ்மென்ட் சீசன்ல கவனிங்க. மே மாச வெயில்ல டை கட்டி, இரவல் ஷூ போட்டு வரிசையில நிக்கிறோம். வீட்டுல முதல் பட்டதாரியா வர்றவனுக்கு ஒரு செட் ஃபார்மல்ஸ் வாங்குறதே செலவு. அவன் கோடு எழுதுற லட்சணத்தைக் கேட்கும் முன்னாடி சட்டை காலரைப் பார்க்கிறாங்க. கம்பெனிக்காரங்களை மட்டும் சொல்லி என்ன? ஃபர்ஸ்ட் இயர் பசங்க செருப்பைப் பார்த்தே 'எந்த ஊருடா, கிராமமா?'ன்னு கேட்கிறது நாமதானே.

ஃபார்மல்ஸே வேணாம்னு நான் சொல்லலை. விதி இருக்கிற வரைக்கும் போட்டுத்தான் ஆகணும். ஆனா ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒரு அலமாரி வைக்கலாம். வேலை கிடைச்சுப் போற சீனியர்ஸ் தங்களோட சட்டை, பேண்ட், ஷூ, பிளேசரைத் துவைச்சு அதுல வச்சுட்டுப் போகட்டும். இன்டர்வியூ இருக்கிறவங்க யாரையும் கெஞ்சாம எடுத்துப் போட்டுக்கலாம். செலவு ஒண்ணுமில்லை, சாவி வச்சுக்க ரெண்டு பேர் போதும்.

தப்பிக்கும்போது பகத்சிங் தொப்பியை ஒரு வேஷமாத்தான் போட்டார். ஃபார்மல்ஸையும் அப்படியே போடுவோம். அடுத்தவனை அதை வச்சு அளக்கிற பழக்கத்தை மட்டும் இந்த செமஸ்டரோட விட்டுடலாமே?