நேருவின் பாலஸ்தீனப் பார்வை: மாறியது எது, மாறாதது எது?

காஸாவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நேரு காலத்து அயல்நாட்டுக் கொள்கையை ஒரு சாரார் போற்றுகின்றனர். மறு சாரார் தூற்றுகின்றனர். அக்கொள்கை எப்படி உருவாயிற்று, எங்கே வளைந்தது என்பதை இரு சாராரும் சொல்வதில்லை. பிழைப்புத் தேடித் தீவுக்கு வந்த நமக்கு இதில் என்ன அக்கறை என்று ஃபீனிக்ஸ் பே தோழர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைவதை ஆதரிப்பதாக 1917இல் பிரிட்டன் அறிவித்தது. அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களை யாரும் கேட்கவில்லை. 1933இல் சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களிலேயே நேரு இந்தப் பிரச்சினையை ஆராய்ந்தார். இந்தியாவில் கையாண்ட அதே பிரித்தாளும் சூழ்ச்சியை அங்கும் கண்டார். யூத மக்கள்மீது அவருக்குப் பகை இல்லை. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூத மருத்துவர்களுக்கும் வல்லுநர்களுக்கும் இந்தியா இடம் தரவேண்டும் என்று வாதாடியவர் அவர். ஏகாதிபத்தியத்தின் நிழலில் வளர்ந்த சியோனிசத்தையே அவர் ஏற்கவில்லை.

1947இல் விஞ்ஞானி ஐன்ஸ்டீன் கடிதம் எழுதி ஆதரவு கேட்டும் நேரு இணங்கவில்லை. நாட்டைப் பிரிக்காமல் கூட்டாட்சி அமைக்கலாம் என்பதே இந்தியாவின் யோசனை. அவ்வாண்டு நவம்பர் 29 அன்று ஐ.நா. சபையில் பிரிவினைக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. அதன்பின் மூண்ட போரில் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனியர் அகதிகளாயினர்.

பிறகு நிலைமை மாறியது. 1950 செப்டம்பர் 17 அன்று இஸ்ரேலை இந்தியா அங்கீகரித்தது. ஆனால் தூதர்களைப் பரிமாறிக்கொள்ளவில்லை. அதற்கு 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1956இல் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தைத் தாக்கியபோது நேரு உடனே கண்டித்தார். அதே நாட்களில் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியில் புகுந்தபோதோ அவர் குரல் தயங்கியது. 1962இல் சீனப் போர் வந்ததும் அதே இஸ்ரேலிடம் ஆயுத உதவி கேட்டார், பெற்றார்.

இவற்றை மறைத்து அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. இவற்றை மட்டுமே காட்டி வேடதாரி என்பதும் நியாயமில்லை. காலமும் நெருக்கடியும் அவரை வளைத்தன. ஆயினும், மண்ணில் வாழும் மக்களைக் கேளாமல் அவர்கள் தலைவிதியை எழுதக்கூடாது என்ற அடிப்படையைப் பாலஸ்தீன விஷயத்தில் அவர் கைவிடவில்லை.

அந்த அடிப்படையின் அருமை நமக்குத் தெரியும். நேரு மறைந்த சில மாதங்களில், 1964 அக்டோபரில், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். தேயிலை பறித்த தாய்மார்களை எவரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தனர். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் கதையும் இதற்குக் குறைந்ததன்று.

2023 அக்டோபரில் காஸா போர்நிறுத்தத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பரில் ஆதரித்து வாக்களித்தது. கொள்கைகள் இனியும் மாறும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி மட்டும் மாறக்கூடாது: அந்த மண்ணின் மக்களைக் கேட்டீர்களா? பாலஸ்தீனத்துக்காக இதைக் கேட்கப் பழகினால்தான், நாளை நமக்காகவும் கேட்கும் துணிவு நமக்கு வரும்.