சுருள் எழுத்தில் தொலையும் கொடைக்கானல்

ஊர் பெயருக்காகவே ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஊர் பெயரையே படிக்க முடியவில்லை! கொடைக்கானலில் விற்கும் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் பெட்டி, தைல பாட்டில், தங்கும் விடுதிப் பலகை என்று பல இடங்களில் நடக்கும் கூத்து இதுதான். வளைந்து நெளிந்து, வால் முளைத்த ஆங்கிலச் சுருள் எழுத்து. கேட்டால் "ரிச்சா இருக்கும் சார்" என்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குற்றம் அந்த எழுத்துருவின் மேல் இல்லை. எட்வர்டியன் ஸ்கிரிப்ட் என்ற ஃபாண்டை எட் பெங்குவியாட் 1994-ல் வடிவமைத்தார். கூர்முனைப் பேனாவை அழுத்தினால் தடிப்பாகவும், தளர்த்தினால் மெல்லியதாகவும் விழுமே, அந்தக் கோட்டைக் கணினிக்குள் கொண்டுவந்த அழகான வேலை அது. ஒரு சொல்லைப் பெரிதாக எழுதினால் கண்ணை எடுக்க முடியாது. சிக்கல் அது போய் உட்காரும் இடத்தில்தான்.

சுருள் எழுத்தின் பெரிய எழுத்துகள் ஒரு சொல்லைத் தொடங்கி வைக்கப் பிறந்தவை. பின்னால் சின்ன எழுத்துகள் கைகோத்து வர வேண்டும். ஊர் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் அடித்தால் ஒன்றின் வால் இன்னொன்றின் கழுத்தைச் சுற்றும். அடுத்து, முடி போன்ற அந்த மெல்லிய கோடுகள். சின்ன லேபிளில் மை பரவினால் அடைந்துவிடும், மை குறைந்தால் அறுந்துவிடும். மலைச் சாலையிலோ இன்னும் மோசம். சுமார் 7,000 அடி உயர ஊர், மூடுபனிக்குப் பேர் போனது. ஓடும் வண்டியிலிருந்து பனிக்குள் பார்க்கிறவருக்கு அந்த விடுதியின் பெயர் வெறும் கிறுக்கல்.

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் வைக்கிறானே?" என்ற கேள்வி வரும். வைக்கிறான், எங்கே வைக்கிறான் என்று பார்க்க வேண்டும். கோகோ கோலாவின் சுருள் எழுத்துப் பெயரை 1880-களில் எழுதியவர் ஃபிராங்க் ராபின்சன். கணக்கு எழுதும் மனிதர் (வணிகவியல் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!). கேட்பரி பெயர் வில்லியம் கேட்பரியின் கையெழுத்தை ஒட்டி வந்தது. இரண்டிலும் சுருள் எழுத்து பெயரோடு நின்றுவிடுகிறது. விலை, எடை, தேதி, சேர்மானங்கள் எல்லாம் நேரான, சாதுவான எழுத்தில்தான். சின்னக் கடைக்காரர் பெயரைப் பார்த்துக் காப்பியடிக்கிறார், பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை.

பின்பக்கம் என்பது சட்டமும்கூட. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள், விவரங்கள் தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. உணவுப் பொருள் லேபிளுக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளும், வாங்குகிறவர் எளிதில் படிக்கும்படி இருக்கச் சொல்கின்றன. 1-ஆ 7-ஆ என்று தெரியாத தேதியை அச்சடித்துவிட்டு "அழகு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தையின் அம்மாவுக்கு அந்தப் பெட்டியில் தேவை அழகு இல்லை, தகவல்.

சரி, தமிழ் எங்கே? பல பெட்டிகளில் இல்லவே இல்லை. இருந்தால் மூலையில், சாய்த்து நசுக்கிய நிலையில். சாய்வெழுத்து தனியாக வரையப்படாத ஃபாண்டில் சாய்வுப் பொத்தானை அமுக்கினால், கணினி இருக்கிற எழுத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். ண-வின் சுழிகள் கோணலாகும், ழ-வின் கால் இழுபடும். அது சாய்வெழுத்து அல்ல, சரிந்த எழுத்து.

இத்தனைக்கும் தமிழுக்குச் சுழிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்த எழுத்து இது. அதன் அழகு தடிப்பு, மெலிவில் இல்லை, ஒரே சீரான கோட்டின் வளைவில் இருக்கிறது. 1978 சீர்திருத்தத்துக்கு முன்பிருந்த துதிக்கை வைத்த ணை, லை, னை-க்களை நினைத்துப் பாருங்கள், அதைவிடவா ஒரு வளைவு வேண்டும்? இன்றைக்குக் கணினியிலும் வழி இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார், கையெழுத்துச் சாயலில் சாய்வாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்துரு. இலவசமாகவே கிடைக்கிறது. அதையும் பெயரோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயருக்கு ஒரு விலை உண்டு, வேறு ஊர்க்காரர் இதைப் போட்டு விற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். சட்டம் போட்டுக் காப்பாற்றிய பெயரை, திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர் தன் மொழியில் ஒரு பார்வையில் படிக்க முடியவில்லை என்றால் நட்டம் யாருக்கு? பூண்டு விளைவித்தவருக்கும் சாக்லேட் கிண்டியவருக்கும்தான். லேபிள் அடித்தவர் எப்போதோ காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெயர் ஆடட்டும், ஆடுவது அதற்கு அழகு. விலையும் தேதியும் நேராக நிற்கட்டும். தமிழ் மூலையிலிருந்து எழுந்து முன்னால் வரட்டும்.